ஜல்லி போட்டால் கொழுக்கட்டை ஆகிறது: எச்ஓ தண்டவாளத்துக்கு உதவி தேவை

கரிசல்_பாசஞ்சர் | 4 மே, இரவு 10.12

வணக்கம். எச்ஓ அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக (1:87), ஒரு பிராஞ்ச் லைன் ரயில் ஸ்டேஷனின் மாடல் கட்டிக்கொண்டிருக்கிறேன். காலம் 1985 வாக்கில், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே மரக்கட்டை ஸ்லீப்பர் இருந்த நாட்கள். ஒரு பிளாட்பாரம், ஒரு லூப் (பிரிந்து போய்த் திரும்பச் சேரும் பாதை), ஒரு கூட்ஸ் சைடிங் (சரக்கு வண்டி நிற்கும் கிளைப் பாதை). பலகை 8 அடிக்கு 2 அடி. தண்டவாளம் பீகோ கம்பெனியின் கோட் 100 வகை, அடியில் 3 மி.மீ. கார்க். வயரிங் முடிந்து வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஜல்லி போடலாம் என்று இறங்கியதுதான் தப்பு.

பக்கத்து வீட்டில் கட்டட வேலை. ஒரு டப்பா எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கேட்டு வாங்கி, டீ வடிகட்டியில் சலித்து, ஒரு மீட்டர் நீளத்துக்குக் கொட்டி பிரஷ்ஷால் பரப்பினேன். அச்சு அசல் ரயில் பாதை. அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம் இருந்தது. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து இங்க் ஃபில்லரில் சொட்டுவிட்டேன். சொட்டு உள்ளே இறங்கவே இல்லை. உருண்டையாக மேலேயே நின்று, சுற்றியிருந்த மணலைத் தன்மேல் சுருட்டிக்கொண்டு ஸ்லீப்பர்மேல் ஏறி உட்கார்ந்தது. விழுந்த இடம் பள்ளம், பக்கத்தில் மேடு.

காலையில் பார்த்தால் ஸ்லீப்பருக்கு ஒரு கொழுக்கட்டை. எல்லாவற்றின் மேலும் விபூதி பூசியதுபோல வெள்ளைப் படலம். வண்டியை லூப்புக்குத் திருப்பிவிடும் பாயிண்ட் இறுகிப்போய் அசையவில்லை. பெயர்த்து எறிந்துவிட்டுப் புதுத் தண்டவாளம் வாங்குவதா, இதையே சரி செய்ய முடியுமா?

---

டீசல்_ஷெட் | 4 மே, இரவு 10.40

எதையும் எறியாதீர்கள். எல்லோரும் ஒருமுறை செய்யும் தப்புதான். நான் இரண்டு முறை செய்தேன்.

பசை போடும் முன் ஜல்லியை நனைத்தீர்களா? நனைக்கவில்லை என்று உங்கள் பதிவைப் பார்த்தாலே தெரிகிறது. காய்ந்த மண்ணில் மழையின் முதல் துளி புழுதியைப் போர்த்திக்கொண்டு உருளும், பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கேயும். எம்-சாண்டில் மாவு போன்ற தூசி நிறைய. அது சொட்டை உள்ளே விடாது. அந்தத் தூசியும் பசையும் சேர்ந்து காய்ந்ததுதான் உங்கள் விபூதி.

---

கரிசல்_பாசஞ்சர் | 4 மே, இரவு 10.46

நனைக்கவில்லை. பசையிலேயே தண்ணீர் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

---

டீசல்_ஷெட் | 4 மே, இரவு 11.20

சரி, முதலில் பெயர்ப்பதைப் பார்ப்போம். வெந்நீரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சமமாகக் கலந்து, ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தாராளமாக ஊற்றுங்கள். மேலே பழைய பனியன் துணியை நனைத்துப் போட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் ஊறி இளகும், அதுதான் நமக்குப் பிழைப்பு. ஐஸ்கிரீம் குச்சியால் நெம்பினால் பிண்ணாக்கு மாதிரி வரும். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், ஸ்லீப்பரில் ஆணித்தலை மாதிரி இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பிடிகள் உடைந்துவிடும். தண்டவாளத்தையும் அதே பசையால்தான் கார்க்கில் ஒட்டினீர்கள் என்றால் அதுவும் எழும்பி வரும், அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட்டுக்கும் இதே வைத்தியம். நாக்கு, அதாவது பாதை மாற்ற அசையும் கூர்மையான தண்டவாளத் துண்டு, நகரும் இடத்திலும், இரண்டு நாக்கையும் இணைக்கும் பட்டைக்கு அடியிலும் கலவையை விட்டு, ஊறியதும் பல்குச்சியால் ஒவ்வொரு கல்லாக எடுங்கள். பலவந்தமாகத் தள்ளினால் நாக்கின் முனை கழன்றுவிடும், பிறகு பாயிண்ட்டே போச்சு.

ஒரு எச்சரிக்கை. கரண்டை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஆல்கஹால் ஆவி இருக்கும்போது வண்டி ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். சக்கரத்தில் பொறி வரும்.

---

எட்டணா_டிக்கெட் | 5 மே, காலை 7.05

கட்டட மணலை எடுத்து ஏன் கஷ்டப்பட வேண்டும்? ஜல்லி என்றே பாக்கெட்டில் விற்கிறார்கள். வுட்லேண்ட் சீனிக்ஸ் ஒரு பை வாங்கினால் உங்கள் பலகைக்குப் போதும். ஒரே சீரான அளவு, சலிக்கும் வேலை இல்லை.

---

டீசல்_ஷெட் | 5 மே, காலை 7.31

அது வால்நட் ஓட்டை உடைத்துச் சாயம் ஏற்றியது அண்ணே. எடை இல்லை. நனைக்கத் தெரியாதவர் கையில் அது மணலைவிட மோசமாக மிதக்கும். நனைக்கக் கற்றுக்கொண்டவருக்கு எது போட்டாலும் வரும். காசு கொடுத்து வாங்குவது தப்பென்று சொல்லவில்லை. இவருடைய நோய்க்கு அது மருந்து இல்லை, அவ்வளவுதான்.

---

பி_வே_ரிடையர்டு | 5 மே, காலை 9.15

தம்பி, நான் மாடல் கட்டுகிறவன் இல்லை. பேரனுக்காக இந்தத் தளத்துக்கு வந்தவன். நிஜப் பாதையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அதனால் பசையைப் பற்றிப் பேச மாட்டேன், கல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் காலத்தில் கட்டை ஸ்லீப்பருக்கு 50 மி.மீ. ஜல்லி. இரும்பு ஸ்லீப்பருக்கு 40. பாயிண்ட்டுக்கு அடியில் 25. இப்போது கான்கிரீட் ஸ்லீப்பருக்கு மெஷினில் உடைத்த கல், 65-க்கும் 20-க்கும் நடுவில். உங்கள் கணக்குக்கு எல்லாவற்றையும் 87-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. என்பது 0.57 ஆகிறது, ஏறக்குறைய ரவை. பாயிண்ட்டுக்கு 0.29, ரவையில் பாதி.

பேரன் முதலில் கடுகு அளவுக் கல்லைப் போட்டிருந்தான். ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 13 சென்டிமீட்டர். உரித்த தேங்காயை வரிசையாகக் கொட்டியதுபோல இருந்தது. பாதையைப் பராமரிக்கும் எந்த கேங்மேன் அதை பீட்டர் என்ற கருவியால் அடித்து ஸ்லீப்பருக்குக் கீழே ஏற்றுவான்? கசகசாவே கொஞ்சம் பெரிசுதான். எலுமிச்சம்பழ அளவுதான் நிஜக் கல்.

அப்புறம், ஜல்லி ஸ்லீப்பரின் மேல்மட்டத்தோடு நிற்க வேண்டும். ஸ்லீப்பரை மூடக் கூடாது. ஸ்லீப்பர் முனைக்கு வெளியே ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஜல்லி சமமாக நிற்கும், அதற்குத் தோள் என்று பெயர், அதற்குப் பிறகுதான் சரிவு. மாடலில் பலர் ஸ்லீப்பர் முனையிலிருந்தே சரித்துவிடுகிறார்கள். அந்தத் தோள் இல்லாவிட்டால் வெயில் நாளில் பாதை பக்கவாட்டில் நெளிந்துவிடும். படம் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

---

கரிசல்_பாசஞ்சர் | 5 மே, பகல் 1.20

ஐயா, மிக்க நன்றி. நானும் ஸ்லீப்பர் முனையிலிருந்துதான் சரித்திருந்தேன். 350 மி.மீ. தோள் என்று எடுத்துக்கொண்டால் 4 மி.மீ. வருகிறது. ஸ்லீப்பரோடு சேர்த்து மேலே 40 மி.மீ. அகலம். கார்க் பட்டை அதைவிடக் குறுகல், இரண்டு பக்கமும் இன்னொரு துண்டு ஒட்ட வேண்டும்.

ஒரு சந்தேகம். சைடிங்குக்கும் இதே ஜல்லிதானா?

---

பி_வே_ரிடையர்டு | 5 மே, மாலை 6.02

சைடிங்குக்கு யார் தம்பி நல்ல கல் போட்டார்கள்? ஸ்டீம் எஞ்சின் இருந்த இடங்களில் நிலக்கரிச் சாம்பல்தான். எஞ்சின் கொட்டுகிற சாம்பலையும் கசடையும் அள்ளி சைடிங்கில் போடுவார்கள். சில இடத்தில் செம்மண் கலந்த மொரம்பு. ஸ்லீப்பர் பாதி புதைந்து, நடுவில் புல் முளைத்து, இரண்டு தண்டவாளம் மட்டும் பளபளவென்று தெரியும். மெயின் லைனுக்கும் சைடிங்குக்கும் நடுவே அந்த நிற வித்தியாசம் இல்லையென்றால் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இருக்காது.

---

ஸ்காபரோ_என் | 6 மே, காலை 5.48

கனடாவில் இருந்து எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணம். நான் கட்டுவது 'N' ஸ்கேல், 1:160. ஐயா சொன்ன கணக்கில் ஒரு சின்ன மாறுபாடு சொல்லலாமோ?

என் அளவில் 50 மி.மீ. கல் 0.3 மில்லிமீட்டர் வரும். அதை அப்படியே போட்டுப் பார்த்தேன். கல்லாகத் தெரியவில்லை, கடற்கரை மணலை விரித்ததுபோல இருந்தது. 0.5-க்குக் கூட்டின பிறகுதான் கண் அதை ஜல்லி என்று ஏற்றுக்கொண்டது. மாடலை நாங்கள் இரண்டு அடி தள்ளி நின்று பார்க்கிறோம். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவில் விழுகிற நிழல் தெரிய வேண்டும். அளவுகோல் சொல்வதும் கண் சொல்வதும் சின்ன ஸ்கேலில் ஒத்துப்போவதில்லை.

நனைக்கிற விஷயத்தில் என் அனுபவம்: ஸ்பிரேயரை நேரே ஜல்லியைப் பார்த்துப் பிடிக்க வேண்டாம், கல் பறந்துவிடும். மேலே, ஒரு முழ உயரத்தில், கூரையைப் பார்த்து அடித்தால் பனிபோல இறங்கும். இரண்டு தரம் அப்படி. மூன்றாம் தரம் சற்றுக் கிட்டே.

---

பி_வே_ரிடையர்டு | 6 மே, காலை 8.30

உங்கள் 0.5 நிஜத்தில் 80 மி.மீ. ஆகிறது. இன்ஸ்பெக்ஷனில் அந்த லோடைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் கண் ஏற்க வேண்டும் என்கிற நியாயம் புரிகிறது. எச்ஓ-வுக்கு அந்தச் சலுகை தேவையில்லை என்பது என் கட்சி.

---

டீசல்_ஷெட் | 6 மே, இரவு 9.50

நானும் அந்தக் கட்சிதான். இப்போது கரிசலுக்கு முழு முறையையும் எழுதிவிடுகிறேன், ஒரே இடத்தில் இருக்கட்டும்.

மணலை டீ வடிகட்டியில் சலித்து, இறங்கியதை மாவுச் சல்லடையில் போடுங்கள். சல்லடையில் தங்குவது மெயின் லைனுக்கு. கீழே விழுந்ததில் கொஞ்சம் பாயிண்ட்டுக்கு. சல்லடைக்குச் சல்லடை கண் மாறும். அதனால் பத்துக் கல்லை அடிக்குச்சி ஓரத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள். 5 மி.மீ.யிலிருந்து 7 மி.மீ.க்குள் வந்தால் சரி. பிறகு அரிசி களைவதுபோலக் களையுங்கள். முதல் தண்ணீர் சிமெண்ட் கரைசல் மாதிரி இருக்கும். ஆறேழு முறை மாற்றிய பிறகு பாத்திரத்தின் அடி தெரியும். அதுவரை விடாதீர்கள். மொட்டை மாடியில் பேப்பர் விரித்துக் காயவைத்தால் இந்த மே மாத வெயிலுக்கு ஒரு மணி நேரம் போதும்.

காய்ந்ததும் காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மணல்மேல் மெதுவாக ஓட்டுங்கள். கருப்பாக மீசை முளைக்கும். நம் பக்கத்துக் கருங்கல்லில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது பொடிப்பொடியாக இருக்கிறது. அது வண்டியின் மோட்டாருக்குள் போனால் அப்புறம் பல்சக்கரம் கரகரக்கும். எனக்கு ஒரு எஞ்சின் அப்படித்தான் போனது. பல்லாவரம் பக்கத்துக் கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் அந்த வகைக் கல் இருப்பதால் வைத்த பெயர். இது ஜல்லி போட உதவாது, சும்மா சொன்னேன்.

ஜல்லி கொட்டும் முன்பே தண்டவாளத்தின் பக்கவாட்டில் துருநிறம் அடித்துவிடுங்கள். கோட் 100 என்றால் உயரம் 2.54 மி.மீ., நிஜக் கணக்கில் 22 சென்டிமீட்டர். இன்றைக்கு மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 17 சென்டிமீட்டர்தான். உங்கள் பிராஞ்ச் லைனுக்கு இது ரொம்ப உயரம். மாற்றச் சொல்லவில்லை. பழுப்பு அடித்தால் அந்த உயரம் பாதி மறையும்.

கொட்டுவதற்கு பேப்பரை மடித்துக் கோலப்பொடி விடுவதுபோல விடுங்கள். முதலில் தண்டவாளங்களுக்கு நடுவே, பிறகு தோள், கடைசியில் சரிவு. குறைவாகக் கொட்டுங்கள். சேர்ப்பது சுலபம், குறைப்பது கஷ்டம். அகலமான மென்மையான பிரஷ்ஷால் நீளவாக்கில் தள்ளி, பிரஷ் காம்பால் தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். ஸ்லீப்பர்மேல் நின்ற கற்கள் தாமாக இடுக்கில் விழும். இந்த வேலைக்குத்தான் பொறுமை. ஒரு அடிக்கு எனக்கு இருபது நிமிடம் ஆகும். பசை ஊற்ற ஐந்து நிமிடம்தான். பசை எதையும் திருத்தாது, இருக்கிற கோணலை அப்படியே கல்வெட்டாக்கிவிடும்.

நனைக்க, தண்ணீரும் ஆல்கஹாலும் சமம். ஆல்கஹால் இல்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு. ஜல்லி முழுக்கக் கருத்து, அடிவரை ஈரமாக வேண்டும். பிறகு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, அதிலும் ஒரு சொட்டு லிக்விட். மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்சு வாங்கி, ஸ்லீப்பர் இடுக்கில் முனையை வைத்து விடுங்கள். சரியாக நனைந்திருந்தால் சொட்டு நிற்கவே நிற்காது, விட்ட கணமே காணாமல் போகும். நின்றால் உடனே நிறுத்தி மறுபடி நனையுங்கள்.

முக்கியமான ஒன்று: ஃபேன்.

---

கரிசல்_பாசஞ்சர் | 6 மே, இரவு 10.05

ஃபேனா? எக்ஸாஸ்ட் ஃபேன் போட வேண்டுமா?

---

டீசல்_ஷெட் | 6 மே, இரவு 10.09

சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும்! ஒரு மணி நேரம் பரப்பிய ஜல்லியை என் மகள் வந்து ஃபேன் போட்டு ஐந்து வினாடியில் பாலைவனம் ஆக்கினாள். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். வியர்வை சொட்டினால் அங்கேயும் ஒரு பள்ளம் விழும்.

---

எட்டணா_டிக்கெட் | 7 மே, காலை 6.55

ரவை அளவு ரவை அளவு என்று எல்லோரும் சொல்வதைப் பார்த்தால், ரவைக்கே சாம்பல் பெயின்ட் அடித்துப் போட்டுவிடலாம் போலிருக்கிறதே.

---

டீசல்_ஷெட் | 7 மே, காலை 7.10

போடுங்கள். ஒரே வாரத்தில் எறும்புகள் உங்கள் ஸ்டேஷனில் கூட்ஸ் சர்வீஸ் தொடங்கிவிடும்.

---

ஸ்காபரோ_என் | 7 மே, மாலை 5.20

பாயிண்ட்டைப் பற்றி ஒன்று. நான் அங்கே சிரிஞ்சே பிடிப்பதில்லை. நாக்கு அசைகிற இடத்தில் ஜல்லி தேவையில்லை, அடியில் கருஞ்சாம்பல் நிறம் அடித்து விட்டால் யாருக்கும் தெரியாது. மற்ற இடுக்குகளில் பசையைப் பல்குச்சி நுனியால் முதலில் தடவி, அதன்மேல் கல்லைத் தூவி, காய்ந்ததும் மிச்சத்தை ஊதிவிடுவேன். நீர்ப்பசை இடுக்கு வழியாக ஊர்ந்து போகிற குணம் உள்ளது. நாக்கு சறுக்குகிற தகட்டில் ஒரு துளி மெஷின் எண்ணெயும் முன்கூட்டியே வைத்துவிடுங்கள், பசை அங்கே பிடிக்காது. காய்கிற வரைக்கும் கால் மணிக்கொருக்கால் பாயிண்ட்டை அங்கும் இங்கும் மாற்றிக்கொண்டிருந்தால் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசை இறுகிய பிறகு வண்டிச் சத்தம் கூடும். கார்க் ஒரு பக்கம் சத்தத்தை வாங்கினாலும், இறுகின ஜல்லி அதைப் பலகைக்குக் கடத்திவிடும். அது பழுது இல்லை, பயப்பட வேண்டாம்.

---

கரிசல்_பாசஞ்சர் | 24 மே, இரவு 9.32

இவ்வளவு நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும். பேசுவதைவிடச் செய்துவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

பெயர்ப்பதற்கு மூன்று மாலை ஆனது. ஸ்லீப்பர் பிடி நான்கு உடைந்தது, ஆனால் தண்டவாளம் தப்பியது. பாயிண்ட் இரண்டாம் முறை ஊறவைத்ததும் 'டக்' என்று திரும்பியது. அந்தச் சத்தத்துக்கு வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

களைந்தபோது ஒன்பது முறை தண்ணீர் மாற்றினேன். காந்தத்தில் நிஜமாகவே மீசை முளைத்தது. ஒரு டம்ளர் மணலில் கால் ஸ்பூன் கருப்புப் பொடி. அது மோட்டாருக்குள் போயிருக்கும் என்று நினைத்தால் பகீர் என்கிறது.

முதலில் ஒரு துண்டுப் பலகையில் ஒரு சாண் தண்டவாளம் ஒட்டி ஒத்திகை பார்த்தேன். அங்கேதான் நிறம் கைகொடுக்கவில்லை என்று தெரிந்தது. காய்ந்த மணல் வெளிர்ச் சாம்பல். பசை போட்டுக் காய்ந்ததும் இரண்டு சாயல் கருத்துவிட்டது. அதனால் மெயின் லைனுக்கு இந்த மணலோடு இதைவிட வெளிர் மணலை மூன்றுக்கு ஒன்றாகக் கலந்தேன். சைடிங்குக்கு மாவுச் சல்லடையில் இறங்கிய பொடியைத் தண்ணீர் கலந்த கருப்பு அக்ரிலிக்கில் பிசைந்து காயவைத்துச் சாம்பல் ஜல்லி ஆக்கினேன். ஸ்லீப்பர் பாதி புதைகிற மாதிரிதான் போட்டிருக்கிறேன் ஐயா.

பிறகு மெயின் லைன். ஃபேனை நிறுத்தி, துண்டு கட்டி, ஒரு நாளைக்கு ஒன்றரை அடி. நனைத்துவிட்டுப் பசை சொட்டினேன். உண்மையாகவே காணாமல் போனது! ஃபில்டரில் டிகாக்ஷன் இறங்குவதுபோல இறங்கியது. மறுநாள் காலை விரலால் தட்டினால் கல் கல்லாக நிற்கிறது, படலம் இல்லை.

ஒரே ஒரு தொந்தரவு. எஞ்சின் ஒரு இடத்தில் ஒவ்வொரு முறையும் துள்ளியது. விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உள்பக்கமாக ஓட்டிக்கொண்டே போனபோது ஒரு கல் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது அகப்பட்டது. சக்கரத்தின் விளிம்பு அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. சுரண்டியதும் சரியாகிவிட்டது. தண்டவாளத்தின் மேலே படிந்த பசையைக் கார்க் துண்டால் தேய்த்து எடுத்தேன்.

படங்கள் கீழே.

---

டீசல்_ஷெட் | 24 மே, இரவு 9.50

இரண்டாவது படத்தை நிஜப் படம் என்று நினைத்தேன். பின்னால் சுவரில் காலண்டர் தெரியாமல் எடுத்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

---

ஸ்காபரோ_என் | 25 மே, காலை 4.30

மிக வடிவாக வந்திருக்கு. சைடிங்கின் நிறம் மெயின் லைனைத் தூக்கிக் காட்டுது.

---

பி_வே_ரிடையர்டு | 25 மே, காலை 8.45

பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. தோள் சரியாக இருக்கிறது. மனசுக்கு நிம்மதி.

எல்லா இடமும் ஒரே நிறமாக இருக்கிறது, அதை மட்டும் கவனியுங்கள். பிளாட்பாரத்தில் எஞ்சின் நிற்கிற இடத்தில் எண்ணெய் சொட்டித் தண்டவாளங்களின் நடுவே கருத்திருக்கும். ஸ்டேஷனுக்கு உள்ளே வரும் பக்கத்தில் பிரேக் கட்டையின் இரும்புத் தூள் விழுந்து விழுந்து செம்பழுப்பு ஏறும். அந்தக் காலத்துத் தண்டவாளம் 13 மீட்டர், உங்கள் கணக்கில் 15 சென்டிமீட்டருக்கு ஒரு ஜாயிண்ட். கரிசல் மண்ணில் சில ஜாயிண்ட்டுக்கு அடியில் மழைக்காலத்தில் சேறு மேலே பம்ப் ஆகும். காய்ந்ததும் அந்த இரண்டு ஸ்லீப்பரைச் சுற்றி மட்டும் ஜல்லி வெளுத்து, மண் பூசியதுபோல நிற்கும். எத்தனை தடவை ஜல்லியை அடித்து ஏற்றிப் பேக்கிங் செய்தாலும் அடுத்த மழைக்குத் திரும்ப வரும். அப்படி ஒன்றே ஒன்று போடுங்கள். எல்லா ஜாயிண்ட்டிலும் போட்டால் அந்த செக்ஷனின் இன்ஸ்பெக்டருக்குச் சார்ஜ் ஷீட்தான்.

மூன்றாவது படத்தில் பாயிண்ட்டுக்கு முன்னால், இடது நாக்குக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கல் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு வண்டி விடுங்கள்.

---

கரிசல்_பாசஞ்சர் | 25 மே, காலை 9.10

எடுத்துவிட்டேன் ஐயா.